சங்கிலியில் பெட்டி, பெட்டியில் நாய்: விழுப்புரம் – திண்டிவனம் இருப்புப்பாதையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தமிழ்நாட்டில் ஆய்வுக்கு உட்படாத பொருள் இனி எதுவும் மிச்சமில்லை என்று நினைக்கிறவர்கள் இரவு வண்டியில் ஒருமுறை விழுப்புரம் வரை போய்வர வேண்டும். நள்ளிரவை ஒட்டி வண்டி அங்கே நிற்கும். கீழ்ப் படுக்கைக்காரர் விழித்துக்கொள்வார். இருக்கைக்கு அடியில் கையை விட்டுச் சங்கிலியை ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பெட்டி இருக்கிறது. மறுபடி படுத்துவிடுவார். அதே நேரத்தில் வண்டியின் கோடியில், கார்டு அறையை ஒட்டிய சின்ன இரும்பறைக்குள் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருக்கும். அதன் சொந்தக்காரர் பத்துப் பதினைந்து கோச்சுகளுக்கு அப்பால் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டில் சங்கிலி நாய்க்கு உரியது. பெட்டி துணிமணிக்கு உரியது. ரயில் ஏறியதும் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. பெட்டியைச் சங்கிலியில் கட்டுகிறோம். நாயைப் பெட்டியில் அடைக்கிறோம். ரயில்வேயும் இதற்கு ஒத்தாசையாகக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் சங்கிலி மாட்ட வளையம் வைத்திருக்கிறது. கார்டு வண்டியில் டாக் பாக்ஸ் வைத்திருக்கிறது.

இதிலிருந்து பிறக்கும் கருதுகோள் வருமாறு: நெடுந்தூர ரயில் பயணத்தில் தமிழர் பெட்டியைச் செல்லப்பிராணியாகவும், செல்லப்பிராணியைப் பெட்டியாகவும் நடத்துகின்றனர். இக்கருதுகோளை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். நிறுவ முடியாவிட்டாலும் முடிவுரை எழுதப்படும். அதுதான் ஆய்வு மரபு.

2. ஆய்வுக் களமும் எல்லையும்

களமாக விழுப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. இங்கே ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரிகிறது. செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. தென்மாவட்டங்களிலிருந்து எழும்பூருக்கு வரும் மூட்டை முடிச்சுகளில் பெரும்பகுதி இந்தச் சந்திப்பைக் கடந்துதான் ஆகவேண்டும். ராஜபாளையத்தில் ஏற்றிய நாய்க்குட்டியும் பொதிகை எக்ஸ்பிரஸில் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது.

களத்தின் மறுமுனை திண்டிவனம். இரண்டுக்கும் இடையே சுமார் 37 கிலோமீட்டர். நடுவில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய நிலையங்கள். கன்னியாகுமரியிலிருந்து சென்னைவரை 700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பயணத்தில் இந்த 37 ஏன் முக்கியம் என்று கேட்கலாம். சென்னைக்குப் போகிறவர் சங்கிலிப் பூட்டின் சாவியைத் தேடத் தொடங்குவது இந்த இடைவெளியில்தான். தென்திசைக்குப் போகிறவர் 'இனி பெட்டி பத்திரம்' என்று கண்ணயர்வதும் இங்கேதான். எனவே இத்துறையின் சோதனைக்கூடமாக இதைக் கொள்ளலாம்.

மயிலத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கே மலைமேல் இருக்கும் முருகன் மயிலில் பயணம் செய்கிறான். விலங்கோ பறவையோ ஆளைச் சுமந்து போனால் அதற்கு வாகனம் என்று பெயர், உற்சவம் உண்டு, பூமாலை உண்டு. ஆள் அதைச் சுமந்து போனால் லக்கேஜ் என்று பெயர், ரசீது உண்டு. இந்த நுட்பமான வேறுபாட்டை மயிலம் நிலையத்தைக் கடக்கும் எந்தப் பயணியும் சிந்திப்பதாகத் தெரியவில்லை.

ஆய்வின் எல்லை: குழந்தைகள் இதில் அடங்கமாட்டார்கள். அவர்கள் பிராணியா, பெட்டியா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை.

3. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முதல் வழக்கு மகாபாரதத்தில் இருக்கிறது. பாண்டவரின் கடைசிப் பயணமான மகாபிரஸ்தானத்தில் தம்பியரும் திரௌபதியும் வழியில் விழுந்துவிட, தர்மரும் ஒரு நாயும் மட்டும் எஞ்சுகிறார்கள். இந்திரன் ரதத்தோடு வருகிறான். தர்மர் ஏறலாம், நாய் ஏறக்கூடாது என்கிறான். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தர்மர் நின்றுவிடுகிறார். கடைசியில் நாய் தர்மதேவதையாக நிற்கிறது. வழக்கு பயணிக்குச் சாதகமாக முடிகிறது.

இந்த வழக்கில் மூன்று தரவுகளை உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். ஒன்று, இந்திரனின் விதிப்புத்தகத்தில் கார்டு வண்டி என்ற ஏற்பாடே இல்லை. அவ்வகையில் இந்திய ரயில்வே சொர்க்கத்தைவிடத் தாராளமானது. இரண்டு, நாய்க்கு மருத்துவச் சான்று கேட்கப்படவில்லை. மூன்று, தர்மர் கையில் லக்கேஜ் இல்லை. அரசையும் அணிகலனையும் துறந்து மரவுரியோடு வந்தவர் அவர். பெட்டி இல்லாதவனுக்குத்தான் நாய் ஞாபகம் இருக்கிறது என்ற முடிவுக்கு இது முதன்மைச் சான்று. அவர் மூன்று டிராலியும் ஒரு கட்டைப்பையும் கொண்டுவந்திருந்தால், "சரி, நீங்கள் சொன்னால் சரிதான்" என்று ரதத்தில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

செஞ்சி, விழுப்புரம் வட்டாரங்கள் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையநிலம். ஊர்தோறும் பாரதப் பிரசங்கமும் கூத்தும் நாள்கணக்கில் நடக்கும். ஆனால் படுகளத்தோடும் தீமிதியோடும் விழா நிறைவடைந்துவிடுவதால் நாய்ப் பகுதி பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. வந்திருந்தால் விழுப்புரம் பார்சல் ஆபீஸ் கவுன்டரில் தர்மர் வழக்கை மேற்கோள் காட்டும் பயணிகள் இன்று நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

மேலைநாட்டு ஆய்வுகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1869இல் லண்டன் 'பஞ்ச்' இதழ் வெளியிட்ட கேலிச்சித்திரத்தில், பல பிராணிகளோடு வந்த கிழவிக்கு ரயில்வே போர்ட்டர் விதியை விளக்குகிறார்: பூனையும் முயலும் கிளியும் கட்டணக் கணக்கில் நாயாம், ஆமை மட்டும் பூச்சியாம், அதற்குக் கட்டணம் இல்லையாம். 1905இல் அமெரிக்க எழுத்தாளர் எல்லிஸ் பார்க்கர் பட்லர் எழுதிய கதையில், இரண்டு கினிப் பன்றிகள் பன்றியா, வளர்ப்புப் பிராணியா என்று பார்சல் ஏஜென்டுக்கும் சொந்தக்காரருக்கும் தகராறு. வித்தியாசம் ஐந்து சென்ட். கோப்பு மேலிடத்துக்குப் போய்வருவதற்குள் அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிடுகின்றன. கோப்பைவிட வேகமாகப் பெருகும் உயிரினம் ஒன்று உண்டு என்பதை நிறுவியதே அக்கதையின் பங்களிப்பு.

4. அறிவும் கட்டணமும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, விலங்கு ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு. ரயில்வே கட்டண அட்டவணையை எழுதியவர்கள் மரபியலைப் படித்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. சான்று வருமாறு.

சூட்கேஸுக்கு அறிவு கிடையாது. எனவே அது இலவசம்: இரண்டாம் வகுப்பில் 35 கிலோ, ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் 40, ஏசி இரண்டடுக்கில் 50, ஏசி முதல் வகுப்பில் 70. பண்ருட்டிப் பலாப்பழம் ஓரறிவுடைய மரத்தின் பிள்ளை. அந்த இலவசக் கணக்குக்குள் அதுவும் அடங்கிவிடுகிறது. நாய்க்கு ஐந்தறிவு, அதற்குக் கட்டணம் உண்டு. பயணிக்கு ஆறறிவு, அவருக்கு முழுக்கட்டணம். ஆக, அறிவு கூடக் கூடக் கட்டணமும் கூடுகிறது. தனி இருக்கை கேட்காத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பது இந்த விதிக்கு முரணல்ல. ஆறாவது அறிவு அதற்குள் வந்து சேர்ந்திருக்காது என்ற நம்பிக்கையில் தரப்படும் சலுகை அது.

பணம் கட்டினால் எவ்வளவு பெட்டி வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்லீப்பரில் இலவச அளவோடு சேர்த்து 80 கிலோவரை கூடவே வைத்துக்கொள்ளலாம். கூடுதலுக்கு ஒன்றரை மடங்கு லக்கேஜ் கட்டணம். ஏசி மூன்றடுக்கில் உச்சவரம்பே 40தான். அதாவது அதிகப் பணம் கொடுத்து ஏறியவர் குறைவாகச் சுமக்க வேண்டும். மகாபிரஸ்தானத் தத்துவம் இங்கே லேசாகத் தலைகாட்டுகிறது.

5. நாயின் எடை பற்றிய கோட்பாடு

இயற்பியல் அறிஞர்கள் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும். ஒரு பொருளின் எடை அது இருக்கும் கிரகத்தைப் பொறுத்து மாறும் என்று பள்ளியில் படித்தோம். நாயின் எடையோ அது இருக்கும் வகுப்பைப் பொறுத்து மாறுகிறது. கார்டு வண்டியில் போகும் நாய்க்கு 30 கிலோ என்று வைத்துக் கட்டணம். எசமானரோடு ஏசி முதல் வகுப்பில் போகும் அதே நாய்க்கு 60 கிலோ. பதிவு செய்யாமல் ஒளித்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் ஆறு மடங்கு. 30 கிலோவில் கணக்குப் போட்டாலும் 180 கிலோவுக்கான தொகை, கன்றுக்குட்டியையே தாண்டிவிடுகிறது.

இந்தக் கோட்பாட்டில் இனத்துக்கு இடமில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி, மடியில் அடங்கும் பாமரேனியன் எல்லாம் சமம். பின்வரும் உரையாடல் எந்தப் பார்சல் ஆபீஸிலும் நடக்கக்கூடியது.

"நாயா சார்? முப்பது கிலோ."

"எடை போடவே இல்லையே சார்?"

"நாய்னா முப்பது கிலோதான்."

"மூணு கிலோகூட இருக்காது சார். பாருங்க, கையிலதான் வெச்சிருக்கேன்."

"கையில வெச்சா மூணு கிலோ சார். வண்டியில வெச்சா முப்பது."

நியூட்டன் இந்தக் கவுன்டர் பக்கம் வந்திருந்தால் ஆப்பிளுக்கு வேலை இருந்திருக்காது.

மாறாக, திண்டிவனத்து மூட்டைக்கு இனப்பெயர் உண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ஊரின் பெயரே முன்னொட்டு. திண்டிவனம் ரயில் நிலையத்தின் குறியீடும் டி.எம்.வி.தான். சாக்கில் இருக்கும் கடலைக்கு இனமும் பிறந்த ஊரும் இருக்க, மடியில் இருக்கும் நாய் கட்டண அட்டவணையில் வெறும் நாயாக நிற்கிறது. கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. இருந்தாலும் இயல்கள் மிச்சமிருப்பதால் தொடர்வோம்.

6. நாயின் விலை பற்றிய கண்டுபிடிப்பு

உயிர் போனால் என்ன விலை என்பதையும் ரயில்வே யோசித்து வைத்திருக்கிறது. 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி, கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய தொகையைக் கட்டாவிட்டால், யானைக்கும் குதிரைக்கும் ரயில்வேயின் பொறுப்பு தலைக்கு 500 ரூபாய். நாய், கழுதை, ஆடு ஆகியவற்றுக்கு 10 ரூபாய். நூறு ஆண்டு கழித்து, 1989ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதியில் யானை 6,000, குதிரை 3,000, நாய் 120. கழுதையும் ஆடும் இப்போதும் நாயோடு அதே வரிசையில்.

இதில் ஒரு பேருண்மை ஒளிந்திருக்கிறது. 1890இல் ஒரு யானைக்கு 50 நாய். நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு யானைக்கு 50 நாய். 1890க்கும் இன்றைக்கும் இடையில் வெள்ளைக்காரன் போனான், நிலக்கரி போனது, மீட்டர்கேஜ் போனது. யானைக்கும் நாய்க்குமான விகிதம் மட்டும் அசையவில்லை. குதிரைதான் பாவம், 50 நாயிலிருந்து 25 நாயாக இறங்கிவிட்டது. தங்கத்துக்கும் டாலருக்கும்கூட இல்லாத இந்த நிலைத்தன்மையைப் பொருளாதாரத் துறையினர் இன்னும் கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது.

7. பெட்டியின் விலங்கியல்

களவாய்வில் கிடைத்த லக்கேஜ் இனங்கள் பின்வருமாறு பகுக்கப்பட்டன.

அ) சங்கிலிப் பெட்டி. படுக்கைக்கு அடியில் வாழ்வது. இரவில் சொந்தக்காரரின் காலால் அடிக்கடி தடவிப் பார்க்கப்படுவது. சக்கரம் உள்ள வகை, வண்டி பிரேக் போட்டால் தானாக வெளியே வந்து எட்டிப்பார்க்கும்.

ஆ) கட்டைப்பை. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் பிறந்து வீடுவீடாகப் பரவுவது. ஒரே கோச்சில் ஒரே கடையின் கட்டைப்பை நான்கைந்து இருக்கும். அடையாளம் தெரியாமல் மாறிப்போவதும் இந்த இனத்தில்தான் அதிகம்.

இ) சாக்கு மூட்டை. ஊர் அரிசி, மல்லாட்டை, புளி. அமரும் இடமாகவும் பயன்படும். தன்மேல் யார் உட்கார்ந்தாலும் எதிர்ப்புத் தெரிவிக்காத சாதுவான இனம்.

ஈ) பலாப்பழம். பண்ருட்டி வழியாக வரும் வண்டிகளில் கோடையில் காணப்படும். முள் உடையது, உருளக்கூடியது. எங்கே ஒளித்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். லக்கேஜ் இனங்களில் விலங்குக்கு மிக நெருங்கியது இதுவே.

உ) ஒயர் கூடை. பெட்டிக்கும் பிராணிக்கும் இடைப்பட்ட இனம். இது குறித்து அடுத்த இயலில்.

இந்த இனங்களைச் சொந்தக்காரர்கள் அழைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. விழுப்புரத்தில் நின்ற ஒரு தென்மாவட்ட வண்டியில், நடுப் படுக்கையிலிருந்து ஒரு பெண்குரல்:

"ஏங்க, பெரிசு இருக்கா?"

"இருக்கு."

"சின்னது?"

"அதுவும் இருக்கு. தூங்கு."

"பச்சை?"

"என் தலைமாட்டுலதான் இருக்கு."

"அப்பா?"

பதில் இல்லை. பெரிசும் சின்னதும் பெட்டிகள். பச்சை, கட்டைப்பை. அப்பா என்பவர் அந்தப் பெண்ணின் மாமனார். டீ வாங்க பிளாட்பாரத்தில் இறங்கியிருந்தார். கணக்கெடுப்பில் அவர் நான்காவதாக வந்தார் என்பதையும், அவருக்குச் சங்கிலி போட்டிருக்கவில்லை என்பதையும் பதிவு செய்வது ஆய்வாளரின் கடமை.

கழிப்பறைக்குப் போகும்போது எதிர் இருக்கைக்காரரிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்" என்று ஒப்படைத்துவிட்டுப் போவதும் பெட்டியைத்தான். அதுவரை பெயர்கூடக் கேட்டிராத அந்த மனிதர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, யார் அந்தப் பக்கம் வந்தாலும் முறைக்கத் தொடங்குகிறார். இது எந்த விலங்கின் இயல்பு என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

8. நாயின் பெட்டியியல்

இனி மறுபக்கம். நாய் சட்டப்படி பயணம் செய்ய வழி இரண்டுதான். முதல் வழி, ஏசி முதல் வகுப்பு. அதிலும் இருவர் அறையான கூபேயையோ நால்வர் அறையான கேபினையோ முழுவதுமாக எடுத்திருக்க வேண்டும். எந்த அறை கிடைக்கும் என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும் என்பதால், நாயும் எசமானரும் ஒரே கவலையோடு காத்திருப்பார்கள். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, சேர்கார், ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு எதிலும் நாய்க்கு இடமில்லை. வைகை, பல்லவன் போன்ற பகல் வண்டிகளிலும், விழுப்புரத்தில் நிற்கும் வந்தே பாரத்திலும் ஏசி முதல் வகுப்பே இல்லை. ஆகவே விழுப்புரத்து நாய் உட்கார்ந்து போக ஆசைப்பட்டால் பாண்டியன் மாதிரியான இரவு வண்டிக்காக நள்ளிரவில் பிளாட்பாரத்தில் விழித்திருக்க வேண்டும். நாய்க்கு அது சிரமமில்லை. விழித்திருப்பது அதன் குலத்தொழில். கொட்டாவி விடுவது எசமானர்.

இரண்டாம் வழி, கார்டு வண்டியில் உள்ள டாக் பாக்ஸ். காற்றுக்குச் சிறு துளைகள் கொண்ட இரும்பறை. வெயில் காலத்தில் சூடு, ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தால் இரைச்சல். சோறும் தண்ணீரும் சொந்தக்காரர் பொறுப்பு. அவரும் அதே வண்டியில் வர வேண்டும். 2022 ஜனவரியில் கார்டு என்ற பதவிப்பெயரை 'ரயில் மேலாளர்' என்று ரயில்வே மாற்றியது. ஆக, இன்று டாக் பாக்ஸில் போகும் நாய் ஒரு மேலாளரின் பக்கத்து அறையில் பயணம் செய்கிறது. எசமானருக்கு அந்தக் கௌரவம் கிடையாது.

நாய்க்குட்டிக்கு மட்டும் ஒரு சலுகை: கட்டணம் செலுத்திக் கூடையில் வைத்து எந்த வகுப்பிலும் கொண்டுபோகலாம். மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. குருளை எந்த மாதத்தில் நாய் ஆகிறது என்பதற்குத் தொல்காப்பியர் வரையறை தரவில்லை. கூடையின் மூடி மூடாத நாளே அந்த நாள் என்பது நடைமுறை.

ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. உறையில் ஒட்டிய நாய் அஞ்சல் பைக்குள் ஏறி நாடெங்கும் போய்வந்தது. சான்று கேட்டவர் இல்லை. சக பயணி ஆட்சேபமும் இல்லை.

9. ஒயர் கூடையும் பிற உயிர்களும்

கிளியைப் பொறுத்தவரை சிக்கல் ரயிலில் தொடங்கவில்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்தவர் பயணத்துக்கு நல்ல நாள் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளிக்குத் தன் பயணத்துக்குச் சீட்டு எடுக்க வழியில்லை.

கோழி பற்றிய தரவு விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி ஒன்றில் கிடைத்தது. வயதான அம்மா ஒருவர். மடியில் ஒயர் கூடை. கூடையிலிருந்து சிவப்புக் கொண்டை ஒன்று எட்டிப்பார்த்தது. டிக்கெட் பரிசோதகர் நின்றார்.

"இன்னாம்மா அது?"

"சேவலுங்க சார்."

"டிக்கெட்டு?"

"எனக்கு எடுத்துக்கீறேங்க. போவ ஒண்ணு, வர ஒண்ணு."

"சேவலுக்கு?"

"அது கொலசாமி கோயிலுக்குப் போவுதுங்க சார். திரும்பி வராது."

பரிசோதகர் சேவலைப் பார்த்தார். சேவலும் அவரைப் பார்த்தது. அடுத்த கோச்சுக்குப் போய்விட்டார். ஒருவழிப் பயணிக்குக் கட்டணம் வசூலிக்க எந்த விதி இருந்தாலும் மனம் இடம்தராது என்பது இதனால் பெறப்படும் சட்டக் கோட்பாடு.

10. எதிர்வாதமும் மறுப்பும்

பெட்டியைத் திருடுவார்கள், நாயைத் திருடமாட்டார்கள். அதனால்தான் பெட்டிக்கு அத்தனை கவனிப்பு என்று ஒரு சாரார் வாதிடுவர். இது வலுவான வாதம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் துவைக்காத துணியும், ஊரில் கொடுத்த முறுக்கும்தான். அவற்றைத் திருடியவன் அடைந்த லாபம் குறித்து எந்தத் தரவும் இல்லை.

நாய் குரைத்துத் தன் இருப்பைத் தானே சொல்லிக்கொள்ளும், பெட்டியால் முடியாது. எனவே வாயில்லாத பெட்டிக்குத்தான் கவனிப்புத் தேவை என்று மற்றொரு சாரார் கூறுவர். இவர்கள் 'வாயில்லா ஜீவன்' என்ற தொடரைச் சூட்கேஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நம் கருதுகோளை நம்மைவிட நன்றாக நிறுவிய இவர்களுக்கு நன்றி.

11. முடிவுகளும் பரிந்துரைகளும்

கருதுகோள் நிறுவப்பட்டது. பெட்டிக்குப் பெயர் உண்டு, இனம் உண்டு, சங்கிலி உண்டு, காவல் உண்டு, இரவில் தடவிக்கொடுக்கக் கால் உண்டு. நாய்க்கு எடை உண்டு, ரசீது உண்டு, தலைக்கு 120 ரூபாய் மதிப்பு உண்டு. விதியை எழுதியவர்களை மட்டும் குறைசொல்வதற்கில்லை. நாயைச் சரக்காகப் பார்க்க விதி நம்மைக் கட்டாயப்படுத்தலாம். சரக்கை நாயாகப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அது நாமே தேடிக்கொண்டது.

நாயோடு கிளம்புகிறவர்களுக்குச் சில பரிந்துரைகள். பயணத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்; தடுப்பூசி அட்டையையும் சேர்த்து வையுங்கள். பார்சல் ஆபீஸுக்கு வண்டி வரும் நேரத்துக்கு ஓடாமல் நன்றாக முன்னதாகவே போங்கள். கிளம்பும் முன் வயிறு முட்டச் சோறு போடாதீர்கள். பழகிய துணி ஒன்றை டாக் பாக்ஸில் போட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பகல் வண்டியில் அதை அடைக்காதீர்கள். 37 கிலோமீட்டர்தான் போக வேண்டும் என்றால், தெரிந்தவர் காரில் கூட்டிப்போய்விடுங்கள்.

விழுப்புரத்தில் வண்டி நின்றதும் பெட்டியை எண்ணாதீர்கள். அது சங்கிலியில்தான் இருக்கிறது, அதற்குத் தாகமும் எடுக்காது. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கார்டு வண்டிக்கு நடங்கள்.